உப்புப் போடாத ஐஸ்

எங்கள் கம்பெனி ஐஸைக் கண்ணாடி என்று சொல்வார்கள். ஒரு பாரை, அதாவது முழு ஐஸ் கட்டியை, தூக்கி வெளிச்சத்தில் நிறுத்தினால் மறுபக்கம் நிற்பவனின் மூக்கு தெரியும். நடுவில் பால் நிறம் கட்டிய பார் எங்கள் வாசலைத் தாண்டியதில்லை. தவறித் தாண்டினால் லாரியைத் திருப்பி அழைத்து, அதை உடைத்து வாய்க்காலில் விட்டுவிட்டு வேறு கொடுப்போம். மீன் சந்தை, பால் பண்ணை, ஐஸ்கிரீம் வண்டிக்காரர்கள் என்று பாலத்துக்கு இந்தப் பக்கம் யாருக்கு ஐஸ் வேண்டுமென்றாலும் எங்களிடம்தான் வரவேண்டும். கொடுத்துத்தான் எங்களுக்குப் பழக்கம். யார் வாசலிலும் போய் நின்று எங்கள் வீட்டார் எதையும் கேட்டதில்லை.

அப்படிப்பட்ட வீட்டில் நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். கண்ணையே மாற்றி வைத்துவிட்டார்கள் என்கிறான் ஒருவன். செத்தவர் கண்ணில் பார்ப்பதால் செத்தவருக்குத் தெரிந்த ஆட்களெல்லாம் அவனுக்கும் தெரிகிறார்கள் என்கிறான் இன்னொருவன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் தம்பி காலமாகிவிட்டான். அவனுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் எங்கள் லாரியை ஓட்டுகிறாள். பெண் பிள்ளைக்கு லாரி எதற்கு என்று என்னிடம் கேட்டவர்களுடைய கடைகளுக்கும் அவள்தான் ஐஸ் இறக்குகிறாள். இளையவன் இயந்திர அறையைப் பார்த்துக்கொள்கிறான். சின்ன வயதிலிருந்தே வாய் ஓயாதவன். அதனால் அந்த அறையில் ஓயாமல் இரையும் கம்ப்ரசரின் பெயரே அவனுக்கு விழுந்து, கட்டிக்கொண்டு வந்தவளும் அப்படியே கூப்பிடுகிறாள். தொட்டி, அச்சு, பேக்கிங் மூன்றும் மேஸ்திரியின் பொறுப்பு. மேஸ்திரி எனக்கு ஒத்த வயது. கை வைத்தால் தண்ணீர் எத்தனை நேரத்தில் கட்டியாகும் என்று சொல்லுவார், சொன்னது தப்பாது.

கோடை உச்சத்தில் ஒரு நாள் பகல் வேளையில், தொட்டியைக் குளிரவைக்கும் அமோனியாக் குழாயின் மூட்டு ஒன்று பிய்த்துக்கொண்டது. அமோனியா வந்தால் மூச்சை அடைக்கும், கண்ணைத் திறக்க முடியாது. அச்சிலிருந்து பார்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாம் வெளியே ஓட, கம்ப்ரசர் ஈரத் துணியை முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே ஓடினான். வால்வை மூடினான். மூடும்போது துணி நழுவியது. மேஸ்திரி அவனை இழுத்துவந்து குழாயடியில் படுக்கவைத்து, ஆஸ்பத்திரி வண்டி வரும்வரை கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார். விழிகள் பிழைத்தன. ஆனால் அவற்றின் மேல் பால் நிறம் கட்டிவிட்டது.

சொட்டு மருந்திலேயே மாதங்கள் ஓடின. வெளிச்சம், இருட்டு, அவ்வளவுதான் அவனுக்கு. வாய் மட்டும் குறையவில்லை. இயந்திர அறைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சத்தத்தை வைத்தே, "மேஸ்திரி, ரெண்டாவது மோட்டார் முனகுது, எண்ணெய் விடுங்க" என்பான். சரியாக இருக்கும். ஆனால் கை தடவித் தடவி டீ கிளாஸைத் தேடும்போது அவன் மனைவி, என் மருமகள், அடுக்களைக்குள் போய்விடுவாள்.

அந்த மழைக்காலத் தொடக்கத்தில்தான் கண் டாக்டரம்மா எங்களை எல்லாரையும் வரச்சொன்னார்.

"கருவிழியச் சுத்தி ஓரத்துல மெல்லிசா ஒரு வளையம் இருக்கு," என்றார். மேசைமேல் ஒரு தாளில் வட்டம் போட்டுக் காட்டினார். "அதுலதான் ஸ்டெம் செல்னு சொல்ற செல் இருக்கு. விதை மாதிரி. கருவிழியோட மேல்தோல் தினமும் தேயும், இந்த விதையிலருந்து தினமும் புதுசு வரும். அமோனியா அந்த விதையத் தீச்சிடுச்சு. அதான் வெள்ளையா மூடிக்கிச்சு."

"வேற விதை போட முடியாதா?" என்றாள் மூத்தவள்.

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். சொந்தக்காரங்க ஒருத்தர் கண்ணோர வளையத்துலருந்து அரிசிமணி அளவு எடுக்கறோம். லேப்ல வளர்த்து ஒரு மெல்லிய படலமா ஆக்கறோம். அத வலது கண்ணுல வைக்கறோம். இடது கண்ணு ரொம்ப மோசம், அதப் பிறகு பாக்கலாம். ஒண்ணு சொல்லிடறேன். இது ஆராய்ச்சி. சிலருக்குப் பிடிச்சிருக்கு, சிலருக்குப் பிடிக்கல. கட்டாயம் இல்ல."

நான் எழுந்து நின்றேன். "என் கண்ணுல எடுங்க."

டாக்டரம்மா விளக்கை அடித்து என் கண்ணைப் பார்த்தார். பார்த்துவிட்டு மரியாதையாகத்தான் சொன்னார்: "ஐயா, உங்க வயசுல இந்த விதை களைச்சுப் போயிருக்கும். வளராது."

"என் கண்ணு இன்னிக்கும் கண்ணாடி போடாம பேப்பர் படிக்கும்."

"படிக்கும் ஐயா. முளைக்காது."

கம்ப்ரசர் சிரித்துவிட்டான். "விடுங்க பெரியப்பா. உங்க கண்ண வச்சா பாக்கறவங்க எல்லாரையும் முறைச்சுக்கிட்டே இருப்பேன்."

மூத்தவள் தன் நாற்காலியை முன்னால் நகர்த்திப் போட்டாள். "என்னுத எடுங்க. வண்டி ஓட்டறதுக்குத் தடை வருமா?"

"கொஞ்ச நாள் ஓட்டக்கூடாது. எடுத்த இடம் தானா ஆறிடும்."

"அப்ப பேச்சே இல்ல."

லாரி ஓட்டுகிறவள் கண்ணில் கத்தி வைப்பது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் அவள் அப்பனைப் போல. முடிவு செய்தபிறகு ஹாரன் அடித்தாலும் ஒதுங்கமாட்டாள்.

அறுவை நாளன்று வீடே கிளம்பியது. கல்யாணத்துக்குப் போவதுபோல் மேஸ்திரி லாரியைக் கழுவித் துடைத்திருந்தார். அன்றைக்கு அவர்தான் ஓட்டினார். போகும் வழியில் இரண்டு கடைகளுக்கு இறக்கவேண்டியது இருந்ததால் நொறுக்கிய ஐஸும் பின்னால் இருந்தது.

எடுப்பதற்கு அதிக நேரம் ஆகவில்லை. லேப்காரம்மா என்று நாங்கள் சொல்லும் பெண் வெளியே வந்தார். மெலிந்த உருவம், வேகமான நடை. அவர் கையில் சின்ன டியூப், அதற்குள் இளஞ்சிவப்புத் தண்ணீர், அதற்குள் கண்ணுக்கே தெரியாத ஒரு துணுக்கு. அதைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்துக் குளிர்ப் பைகளை அடுக்கினார். அதைப் பாலத்துக்கு அப்பாலுள்ள ஆராய்ச்சிக் கட்டடத்துக்குக் கொண்டுபோகவேண்டும்.

ஆஸ்பத்திரி கார் கிளம்பவில்லை. டிரைவர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தபடியே நின்றான். வெயில் ஏறியது. லேப்காரம்மா பெட்டியைத் திறந்து தொட்டுப் பார்த்தார். குளிர்ப் பைகள் குழைய ஆரம்பித்திருந்தன.

மேஸ்திரி அருகில் போனார். "அம்மா, எங்க வண்டி இருக்கு. ஐஸும் இருக்கு. குடுங்க, நான் கட்டித் தரேன்."

"சுத்தமான ஐஸா?"

மேஸ்திரி பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு எங்கள் இடத்தில் யாரும் பதில் சொல்லமாட்டார்கள். பெட்டியை வாங்கினார். குளிர்ப் பைகளை வெளியே வைத்தார். டியூபை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் நொறுக்கிய ஐஸைக் கையாலேயே அழுத்தி அழுத்தி, ஒரு குழந்தைக்குப் போர்த்துவதுபோல் போர்த்தினார். மூடி போட்டுக் கயிற்றால் கட்டினார். பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் பையனின் பார்வை எங்கள் ஐஸில் பயணம் போகிறது.

லேப்காரம்மா மடியில் பெட்டியோடு லாரியின் முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். மேஸ்திரி அன்றைக்கு ஓட்டிய வேகத்தை அதற்கு முன்னும் பின்னும் ஓட்டியதில்லை.

மறுநாள் காலை டாக்டரம்மா போன் செய்தார். திசு வழியில் கெட்டுவிட்டது என்றார். டியூபுக்குள் இருந்த தண்ணீர் கல்லாக உறைந்திருந்ததாம். உறைந்தால் அந்தச் செல்கள் வெடித்துச் செத்துவிடுமாம். லேப்காரம்மாதான் தவறுதலாக ஃப்ரீசரில் இருந்த பைகளை எடுத்துவந்திருக்கவேண்டும், ஐஸுக்கு மாற்றும் முன்பே அவை டியூபை உறையவைத்திருக்கவேண்டும் என்று மேலிடத்தில் பேச்சு. அவரும் அப்படித்தான் நினைக்கிறார். இனி அவரைத் திசு கொண்டுபோகும் வேலைக்கு விடப்போவதில்லையாம்.

நான் போனை வைத்துவிட்டு முற்றத்தில் இருந்தவர்களிடம் சொன்னேன். மருமகள் கையில் வைத்திருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்த மூத்தவள் அந்தக் கட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

மேஸ்திரி மட்டும் நிமிர்ந்தார். "உறைஞ்சு போச்சா? உறையாம எப்படி முதலாளி? பாலம் தாண்டறதுக்குள்ள கல்லாயிருக்கணுமே. ஐஸ்கிரீம்காரனுக்குப் போடறத விட ஒரு பிடி கூடத்தானே உப்பு போட்டேன்."

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம்.

உப்பு. எங்கள் தொழிலில் உப்பு என்பது கை கழுவுவது மாதிரி. வெறும் ஐஸ் வெறும் குளிர்ச்சிதான்; உப்புப் போட்டால்தான் அது பக்கத்தில் இருப்பதையும் உறையவைக்கும். நல்ல வாடிக்கைக்காரனுக்குச் சொல்லாமலே போடுவோம். அன்றைக்கு அவர் மூட்டையிலிருந்து அள்ளித் தூவியதை நானும் பார்த்திருக்கிறேன். மூச்சு விடுவதை யார் கவனிப்பார்கள்?

"ஏன் எல்லாரும் இப்படிப் பாக்கறீங்க?" என்றார் மேஸ்திரி. பிறகு அவருக்கே விளங்கியது. குழாயடியில் போய் அப்படியே குந்திவிட்டார்.

முதலில் பேசியவள் மருமகள். "யாரும் வெளிய சொல்லவேண்டாம் மாமா."

"என்ன சொல்ற நீ?" என்றாள் மூத்தவள்.

"யோசிச்சுத்தான் சொல்றேன் அண்ணி. அவங்க தப்புன்னு நினைச்சா மறுபடியும் செய்வாங்க. நம்ம தப்புன்னு தெரிஞ்சா, இந்தக் குடும்பத்த நம்பி எப்படிச் செய்யறதுன்னு ஆராய்ச்சியிலருந்தே எடுத்துட்டா? எனக்கு இவருக்குக் கண்ணு வேணும். வேற எதப் பத்தியும் எனக்குக் கவலை இல்ல."

அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. தவிர, எங்கள் ஐஸால் ஒன்று கெட்டது என்று என் வாயால் சொல்ல எனக்கு மனமில்லை.

"அந்தம்மா நேத்து சாயந்தரம் எனக்கு போன் பண்ணாங்க," என்றான் கம்ப்ரசர். "என்னன்னு சொல்லல. நல்லா இருக்கீங்களான்னு மட்டும் கேட்டாங்க. குரல் உடைஞ்சிருந்துச்சு. எனக்கு இப்ப காதுதானே கண்ணு."

மூத்தவள் எழுந்தாள். "போனது என் கண்ணுலருந்து எடுத்தது. அத யார் கெடுத்தாங்கன்னு சொல்ற உரிமை எனக்குத்தான். மேஸ்திரி, எழுந்திரிங்க. வண்டிய எடுங்க."

"என் மூஞ்சிய எப்படிக் காட்டுவேன்?"

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க, மூஞ்சிய நான் காட்டிக்கறேன்."

மேஸ்திரியை மட்டும் அனுப்புவது முறையல்ல. ஐஸ் என்னுடையது. நானும் ஏறினேன். வழி நெடுக மூத்தவள் ஒற்றைக் கண்ணால் அவர் ஓட்டுவதைத் திருத்திக்கொண்டே வந்தாள். "கியர மாத்துங்க. கியரு அழுவுது பாருங்க." மேஸ்திரி கியருக்காக அழுதாரா தனக்காக அழுதாரா தெரியவில்லை. முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டே ஓட்டினார்.

ஆராய்ச்சிக் கட்டடத்தில் லேப்காரம்மா எங்களைப் பார்த்ததும் கையைக் கூப்பி, "மன்னிச்சிருங்க" என்று தொடங்கினார். நான் நிறுத்தினேன்.

"நீங்க கேக்கக்கூடாதும்மா. எங்க ஐஸுல உப்பு இருந்துச்சு. பழக்கதோஷம். உங்க மேல தப்பு இல்ல."

அவர் அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். "உப்பா?" என்றார். பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "ராத்திரி முழுக்க மண்டைய உடைச்சுக்கிட்டேன் ஐயா. வெறும் ஐஸ் பூஜ்யத்துக்குக் கீழ போகாதே, எப்படி உறைஞ்சதுன்னு. நான் ஃப்ரீசர் பை எடுக்கலன்னு எனக்கே நம்பிக்கை போயிடுச்சு."

மேஸ்திரி வாசலிலேயே நின்றார். அவரையும் உள்ளே கூப்பிட்டார் அந்தம்மா. செருப்பைக் கழற்றச் சொல்லி, வெள்ளை அங்கி போடச் சொல்லி, உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் ஒரு அலமாரியைக் கண்ணாடி வழியாகக் காட்டினார். செல்களை அதில்தான் வளர்ப்பார்களாம்.

"இவ்வளவு சூடாவா வைக்கறீங்க? அப்ப ஐஸ் எதுக்கு?" என்றார் மேஸ்திரி.

"வழியில தூங்கறதுக்கு. இங்க வந்து முழிச்சுக்கும்."

"நான் கொன்னுட்டேன்."

"எனக்கு அடுத்த தரம் ஐஸ் நீங்கதான் தரணும்," என்றார் அந்தம்மா. "உப்பு மூட்டைய மட்டும் வீட்ல விட்டுட்டு வாங்க."

டாக்டரம்மா அங்கேயே வந்துவிட்டார். நடந்ததைக் கேட்டார். கோபப்படவில்லை, நேரே வந்து சொன்னது நல்லது என்றார். மூத்தவள் மறு கண்ணைக் காட்டி, "இதுல எடுங்க" என்றாள். டாக்டரம்மா மறுத்தார். ஒரு கண் ஆறாமல் இன்னொன்றைத் தொடமாட்டேன், அதுவும் லாரி ஓட்டுகிறவருக்கு நிச்சயம் மாட்டேன் என்றார். காத்திருக்கவும் முடியாதாம். கம்ப்ரசரின் வலது கண்ணில் சிவப்பு நரம்புகள் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஊர்ந்துகொண்டிருந்தன. நடுவை எட்டிவிட்டால் படலம் வைத்தாலும் பயன் குறைவு.

"வேற வழி இருக்கு," என்றார். "கண்தானம் பண்ணினவங்க கண்ணுல, நடுவுல இருக்கற கருவிழிய வேற ஒருத்தருக்கு வச்சிடுவோம். ஓரத்து வளையம் மிஞ்சும். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கங்கன்னு வீட்டுக்காரங்க சொல்லியிருந்தா அது எங்க லேபுக்கு வரும். அதுலருந்தும் வளர்க்கலாம்."

"யாருது?" என்றேன்.

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லக்கூடாது."

"எந்த வீடுன்னாவது தெரியணுமே. போய் நன்றி சொல்லவேண்டாமா?"

"சொல்ல முடியாது ஐயா. அதுதான் விதி."

"வாங்கிக்கிட்டு வாய மூடிட்டு உட்காரணுமா? எங்க வீட்ல அப்படி யாரும் வாங்கினதில்ல. ரத்தசொந்தம் குடுத்தா வேற விஷயம். பேர் தெரியாத வீட்டுல போய், அதுவும் சாவு வீட்டுல…"

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார்.

"உங்க பொண்ணு கண்ணுலருந்து எடுத்தத எதுமேல வளர்க்கறதா இருந்தோம்னு நினைக்கறீங்க?"

எனக்குத் தெரியவில்லை.

"பனிக்குடச் சவ்வு. பிரசவமான அம்மாக்கள் ஆராய்ச்சிக்குன்னு குடுத்துட்டுப் போனது. அதுதான் படுக்கை. அதுமேலதான் செல் பரவும். படுக்கையோட சேர்த்துத்தான் கண்ணுல வைப்போம். அந்த அம்மா யாருன்னும் எனக்குத் தெரியாது. அன்னிக்கு நீங்க கேக்கல."

வீட்டுக்கு வந்ததும் கம்ப்ரசரிடம் எல்லாவற்றையும் சொல்லவேண்டியிருந்தது. அவன் நாற்காலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். மருமகள் என் முகத்தையே பார்த்தாள். நான் தலையாட்டாமல் எங்கள் வீட்டில் எதுவும் நடக்காது என்று அவளுக்குத் தெரியும்.

"மாமா," என்றாள், "நன்றி சொல்ல ஆள் இல்லன்னு இவர் இப்படியே இருக்கணுமா?"

"நீ சும்மா இரு," என்றான் கம்ப்ரசர். "பெரியப்பா, ஒண்ணு கேக்கறேன். அவங்க வீட்ல ஒருத்தர் போயிட்டாரு. அந்த அழுகையிலயும் கண்ண எடுத்துக்கங்க, மிச்சத்த ஆராய்ச்சிக்கு வச்சுக்கங்கன்னு சொல்லியிருக்காங்க. யாருக்குப் போவும்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதாம்."

"நம்ம வீட்ல குடுக்கறப்ப?"

யாருக்கு என்று கேட்காமல் நாங்கள் ஒரு கட்டி ஐஸ் கொடுத்ததில்லை. யார் வீட்டு விசேஷம், யார் வீட்டுச் சாவு, யார் பிள்ளை, எல்லாம் கேட்டுத்தான் கொடுப்போம். வாங்குகிறவன் எதிரில் நின்று கும்பிடுவான். அதை நாங்கள் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு நிற்போம். முகமே பார்க்காமல் கொடுத்துவிட்டுப் போவது எங்களைவிடப் பெரிய கை. அந்தக் கை நீட்டுவதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று அன்றைக்குத் தோன்றியது.

"டாக்டரம்மாவுக்கு போன் போடு," என்றேன் மருமகளிடம். "சரின்னு சொல்லிடு."

அவள் போட்டாள். எடுத்ததும் பேச வராமல் என்னிடமே கொடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் போன் மணி அடித்தால் எல்லாரும் ஓடினோம். ஐஸ் கேட்டு அடித்த கடைக்காரர்கள் எல்லாம் திட்டு வாங்கினார்கள். கடைசியில் ஒரு காலை, நாங்கள் டீயில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தபோது, லேப்காரம்மாவே கூப்பிட்டார். கண் வங்கியிலிருந்து வளையம் ஒன்று கிடைக்கிறது, மேஸ்திரியை அனுப்புங்கள் என்றார்.

மேஸ்திரி குளித்துவிட்டு வந்தார். உப்புத் தண்ணீர் நிற்கும் தொட்டிப் பக்கமே போகாமல், நல்ல தண்ணீரில் தனியாகக் கட்டிவைத்த பாரை உடைத்தார். உடைத்ததும் ஒரு துண்டை வாயில் போட்டு ருசி பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். மருமகளுக்கும் ஒரு துண்டு. கம்ப்ரசர் இரண்டு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டு, "உப்பு பத்தல" என்றான். மேஸ்திரி அவனை அடிக்கக் கை ஓங்கி, அடிக்காமல் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அதற்குள் வண்டி ஓட்ட டாக்டரம்மாவிடம் அனுமதி வாங்கியிருந்த மூத்தவள்தான் ஓட்டினாள். பெட்டிக்குள் தெர்மாமீட்டரைச் செருகி வைத்துக்கொண்டு, பாலம் முழுவதும் மேஸ்திரி அதை உரக்கப் படித்துக்கொண்டே போனாராம். "ஒரு தரம் ஹாரன் அடிச்சதுக்கு, சத்தம் போடாத தூங்குதுன்னு என்னத் திட்டறாரு பெரியப்பா" என்றாள் மூத்தவள், திரும்பி வந்து.

பல நாள் எதுவும் முளைக்கவில்லை. வேலை இல்லாவிட்டாலும் வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு நான் அந்தப் பக்கம் போனேன். பிறகு ஒரு நாள் லேப்காரம்மா கதவைத் திறக்கும்போதே முகத்தில் தெரிந்தது. "வாங்க ஐயா, வாங்க, வாங்க," என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக மைக்ராஸ்கோப்புக்குக் கூட்டிப் போனார்.

குனிந்து பார்த்தேன். நடுவில் கறுப்பாகத் துணுக்கு. அதன் ஓரத்திலிருந்து மெல்லிய கற்கள் பாவியதுபோல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு செல்கள் வெளியே கிளம்பியிருந்தன. ஐஸ் அச்சில் தண்ணீர் ஓரத்திலிருந்து நடுவுக்குத்தான் உறையும். ஆயுள் முழுவதும் அதைத்தான் பார்த்திருக்கிறேன். இது நடுவிலிருந்து ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. உறைவதற்கு நேர் எதிர்.

"இது உயிரோட இருக்கா?"

"நல்லா இருக்கு ஐயா. நேத்துப் பாத்ததுக்கு இன்னிக்கு ரெட்டிப்பு."

"அவரு போயிட்டாரே."

"அவரு போயிட்டாரு. இது போகல."

பக்கத்தில் வேறு தட்டுகளும் இருந்தன. அதே வளையத்தின் மீதித் துண்டுகள். ஒன்றில் சூட்டைக் கூட்டிப் பார்க்கிறார்களாம், ஒன்றில் உணவை மாற்றிப் பார்க்கிறார்களாம், இனி வரப்போகிறவர்களுக்காக. எங்கள் பையனுக்குப் போனது ஒரு பங்குதான். எனக்கு அது ஏனோ பிடித்திருந்தது. வெளியே வந்து வராந்தாவில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு நர்ஸ் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

படலத்தை வைத்த நாளிலிருந்து எங்களைப் பிடித்த பரபரப்பைச் சொல்லிமாளாது. கண்மேல் மெல்லிய லென்ஸைப் போட்டு மூடியிருந்தார்கள். சொட்டு மருந்து விட மருமகள் அலாரம் வைத்தாள், மூத்தவள் தனியாக ஒரு அலாரம் வைத்தாள், மேஸ்திரி இரண்டையும் நம்பாமல் வாசலில் வந்து, "விட்டாச்சா?" என்பார். பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் டாக்டரம்மா, "பிடிச்சிருக்கு, ஆனா பொறுங்க" என்பார். வெள்ளை மெல்லமெல்ல விலகுகிறது என்றார். கம்ப்ரசருக்குப் புகைக்குள் நிற்பதுபோல் நிழல்கள் தெரிய ஆரம்பித்தன. ஆனால் நிழல்களை வைத்து அவன் யாரையும் அடையாளம் சொல்லமாட்டான். தப்பாகிவிட்டால் எங்கள் முகம் வாடுமே என்று பயம். குரலைக் கேட்டபிறகுதான் பேர் சொல்வான்.

லென்ஸை எடுக்கும் நாள் வந்தது. மூத்தவள் விடிந்ததும் லாரியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்தாள். நான் என் வாழ்க்கையில் அப்படி அவசரமாகக் கிளம்பியதில்லை. லாரியின் முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். மேஸ்திரி பின்னால் ஐஸ் இல்லாத வெறும் தளத்தில் உட்கார்ந்து வந்தார்.

டாக்டரம்மாவின் அறையில் திரை இழுத்துவிட்டிருந்தது. மருமகள் சுவரோடு ஒட்டி நின்றாள். டாக்டரம்மா இடுக்கியால் லென்ஸை எடுத்தார். ஒரு சொட்டு விட்டார். வழிந்ததைத் துடைத்தார்.

"மெதுவா திறங்க. அவசரம் இல்ல."

அவன் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான். எழுத்துப் பலகை எதிரில் வெளிச்சமாக இருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி நான் நின்ற பக்கமாகப் பார்த்தான். யாரும் பேசவில்லை. பேசினால் குரலை வைத்துச் சொல்லிவிடுவான் என்று டாக்டரம்மா முன்பே எச்சரித்திருந்தார். நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றேன்.

அவன் நெற்றியைச் சுருக்கினான். கொஞ்சம் முன்னால் குனிந்தான்.

"பெரியப்பா," என்றான், "சட்டைப் பட்டன மாத்திப் போட்டிருக்கீங்க."

நான் குனிந்து பார்த்தேன். மேல் பட்டன் இரண்டாம் துளையில். காலர் ஒரு பக்கம் காதுக்கு ஏறி, கீழே ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

மருமகள் சுவரைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூத்தவள் அவளைத் தூக்கப் போய், தானும் உட்கார்ந்தாள்.

"நான் வண்டியிலயே பாத்தேன்," என்றாள், அழுதுகொண்டே. "சொன்னா யாரு திட்டு வாங்கறது?"

"நான் வீட்லயே பாத்தேன் மாமா," என்றாள் மருமகள்.

"நானுந்தான் முதலாளி," என்றார் மேஸ்திரி கதவருகிலிருந்து.

டாக்டரம்மா எழுத்துப் பலகையின் விளக்கை அணைத்துவிட்டு, "இனி இது எதுக்கு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னொரு தரம் சொல்லுடா," என்றேன்.

"பட்டன மாத்திப் போட்டிருக்கீங்க பெரியப்பா. ரெண்டாவது துளையில மாட்டியிருக்கு. நாலாவது பட்டன் வேற கலர் நூல்ல தைச்சிருக்கு." பிறகு நிறுத்தவே இல்லை. மேஸ்திரிக்கு முன்வழுக்கை ஏறிவிட்டது, அக்காவுக்கு எடை கூடிவிட்டது, மனைவி பூப்போட்ட புடவை கட்டியிருக்கிறாள், டாக்டரம்மா இவ்வளவு சின்ன வயசா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனான். தடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

அவர்களை அங்கேயே விட்டுவிட்டு நான் வெளியே வந்தேன். லேப்காரம்மாவிடம் முதலில் நான்தான் சொல்லவேண்டும் என்று இருந்தது. நீண்ட வராந்தாவில் எதிரில் வந்த நர்ஸ் ஒருத்தி என்னைப் பார்த்துத் தயங்கி நின்றாள்.

"ஐயா, உங்க சட்டை…"

"தெரியும்மா," என்றேன். "எங்க பையன் பாத்துச் சொல்லிட்டான்."

பட்டனைத் தொடாமல், நிமிர்ந்து நடந்தேன்.